கூண்டில் ஏறும் படங்கள்

கிரிமியாவில் செவஸ்தபோல் நகருக்கு வெளியே வறண்ட பள்ளத்தாக்கு ஒன்று இருக்கிறது. அதன் நடுவே ஒரு மண்சாலை. கிரிமியப் போரின்போது, 1855 ஏப்ரல் 23ஆம் தேதி, இங்கிலாந்துப் புகைப்படக்காரர் ரோஜர் ஃபென்டன் அங்கே முக்காலியை ஊன்றி, நின்ற இடத்தை மாற்றாமல் இரண்டு படங்கள் எடுத்தார். ஒன்றில் சாலையெங்கும் பீரங்கிக் குண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. இன்னொன்றில் சாலை வெறிச்சோடிக் கிடக்கிறது. குண்டுகள் ஓரத்துப் பள்ளத்தில் மட்டும் தெரிகின்றன. மனிதர் இல்லை, பிணம் இல்லை, ரத்தம் இல்லை. ஆனாலும் குண்டுகள் சிதறிக் கிடக்கும் படம், ‘மரண நிழல் பள்ளத்தாக்கு’ என்ற பெயரோடு போர்ப் புகைப்பட வரலாற்றின் தொடக்கப் பக்கத்தில் நிலைத்துவிட்டது.

இரண்டில் எது முதலில் எடுத்தது? வெறும் சாலைதான் முதல் படம் என்றால், பிறகு யாரோ குண்டுகளைச் சாலையில் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். குண்டுகள் கிடக்கும் சாலை முதல் படம் என்றால், படைவீரர்கள் மறுபடி பயன்படுத்துவதற்காக அவற்றைப் பொறுக்கிக்கொண்டு போயிருக்கலாம். முதல் வகையில் படம் ஜோடிப்பு ஆகிறது. இரண்டாவது வகையில் உள்ளதை உள்ளபடி எடுத்தது ஆகிறது. ஃபென்டன் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் இதற்குத் தெளிவான விடை இல்லை.

ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் எரல் மாரிஸ் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். கிரிமியாவுக்கே போய் அந்த இடத்தைத் தேடிப் பிடித்தார். வெயில் எந்தத் திசையிலிருந்து விழுந்தது, குண்டுகளின் நிழல் எப்படி மாறியது என்று பார்த்தார். நிழலை வைத்து முடிவுக்கு வர முடியவில்லை. விடை கிடைத்தது குண்டுகளிலும் இல்லை, வானத்திலும் இல்லை. சரிவில் கிடந்த சின்னச் சின்னக் கற்களில். மாரிஸுக்கு உதவிய டெனிஸ் பர்செல் இரு படங்களையும் பெரிதாக்கி ஒப்பிட்டார். சாலையோரச் சரிவில் சில கற்கள் ஒரு படத்தில் மேலேயும் மற்றதில் கொஞ்சம் கீழேயும் இருந்தன. ஆட்கள் நடமாடியபோது காலில் இடறிய கற்கள் அவை. கல் கீழ்நோக்கித்தான் உருளும். தானாக மேலே ஏறாது. குண்டுகள் நிறைந்த படத்தில் கற்கள் கீழே இருந்தன. ஆகவே அதுதான் இரண்டாவது படம்.

குண்டுகளை யார் போட்டார்கள், என்ன எண்ணத்தில் போட்டார்கள் என்பதைக் கற்களால் சொல்ல முடியாது. ஆனால் 150 ஆண்டுகள் வாய் திறக்காத ஒரு படத்தை இன்று விசாரித்து உண்மையின் ஒரு பாதியையாவது வாங்க முடிந்தது. போர்ப் படங்களைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் இது என்று நினைக்கிறேன். எடுத்தவர் கவனிக்காத விவரங்களையும், அவர் மறைக்க நினைத்த விவரங்களையும் வெளிச்சம் பாரபட்சமில்லாமல் பதித்துவிடுகிறது. அதனால் படத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய முடிகிறது. இதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. யாரோ ஒருவர் அந்த இடத்தில் போய் நின்றிருக்க வேண்டும். அங்கே இருந்த பொருளின் மேல் பட்டுத் திரும்பிய வெளிச்சம் அவருடைய லென்ஸுக்குள் நுழைந்திருக்க வேண்டும்.

ஈரம் காய்வதற்குள்

ஃபென்டன் கிரிமியாவுக்குக் கொண்டுபோனது 5 கேமராக்கள், 700 கண்ணாடித் தகடுகள், கூடவே ஒரு குதிரை வண்டி. மது வியாபாரி ஒருவரிடம் வாங்கி, இருட்டறையாக மாற்றிய வண்டி அது. இவ்வளவு மூட்டை முடிச்சு ஏன் என்பதைப் புரிந்துகொள்ள அக்காலத்து வேதியியலைப் பார்க்க வேண்டும்.

1851இல் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் அறிமுகம் செய்த ‘ஈரக் கொலோடியன்’ முறையில்தான் அவர் படம் எடுத்தார். பஞ்சை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் தோய்த்தால் நைட்ரோசெல்லுலோஸ் கிடைக்கும். நன்றாக நைட்ரேட் ஏறிய வகை வெடிபஞ்சு; பின்னாளில் துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் மருந்தாகப் பயன்பட்டது. குறைவாக ஏறிய வகையை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்தால் தேன்போலக் கெட்டியான திரவம் கிடைக்கும். அதுதான் கொலோடியன். காயத்தின் மேல் தடவினால் மெல்லிய தோலாகப் படிந்து மூடிக்கொள்ளும் என்பதால் 1840களின் இறுதியிலேயே மருத்துவர்கள் அதைக் கட்டுப் போடப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். குண்டைச் செலுத்தும் பொருளும், குண்டு பட்ட காயத்தை மூடும் பொருளும், போரைப் படம்பிடிக்கும் பொருளும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

வேலை இப்படி நடக்கும். அயோடைடு உப்பு கலந்த கொலோடியனைக் கண்ணாடித் தகட்டின் மேல் ஊற்றி, தகட்டை நாலு மூலைக்கும் சாய்த்துச் சீராகப் பரப்ப வேண்டும். பிறகு இருட்டில் அதை வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்க வேண்டும். அப்போது படலத்துக்குள் வெள்ளி அயோடைடு உருவாகும். வெளிச்சத்துக்கு மசிகிற பொருள் அது. தகட்டை ஈரத்தோடு கேமராவுக்குள் செருகி, லென்ஸ் மூடியைத் திறந்து சில வினாடிகள் காத்திருந்து, மறுபடி இருட்டறைக்கு ஓடி, டெவலப்பரை ஊற்ற வேண்டும். எல்லாம் சுமார் 10 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். ஈதர் ஆவியாகிப் படலம் காய்ந்துவிட்டால் ரசாயனம் உள்ளே இறங்காது, படம் போய்விடும்.

இதில் வியக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வெளிச்சம் பட்ட இடத்தில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. வெள்ளி அயோடைடு துகள்களில் ஆங்காங்கே சில வெள்ளி அணுக்கள் மட்டும் பிரிந்து ஒதுங்கியிருக்கும். டெவலப்பர் அந்தச் சில அணுக்களைப் பற்றிக்கொண்டு, அவற்றைச் சுற்றி மேலும் மேலும் வெள்ளியைப் படியவைக்கும். பல கோடி மடங்கு பெருகிய பிறகே மனிதக் கண்ணுக்கு ஒரு கூடாரமோ முகமோ தெரியும். போர்க்களத்தில் சில வினாடிகளில் வெளிச்சம் விட்டுச்சென்ற அணு அளவு அடையாளத்தை, வேதியியல் ஊதிப் பெரிதாக்கி நமக்குக் காட்டுகிறது.

மூடியைத் திறந்து வினாடிக் கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதால் ஓடுகிற குதிரையையோ வெடிக்கிற குண்டையோ பிடிக்க வழியே இல்லை. எனவே ஃபென்டன் எடுத்த சுமார் 360 படங்களில் முகாம்கள், துறைமுகம், அசையாமல் நிற்கும் அதிகாரிகள், சமையல் செய்யும் வீரர்கள் ஆகிய காட்சிகளே நிறைந்திருக்கின்றன. செலவு செய்து அனுப்பிய பதிப்பாளருக்கு விற்கும்படியான படங்கள் வேண்டியிருந்தன என்பதும் காரணம். வெயில் ஏற ஏற வண்டிக்குள் நிற்கவே முடியாமல் போனது. கடைசியில் ஃபென்டனுக்குக் காலரா கண்டது; ஜூன் மாதம் அவர் ஊர் திரும்பினார். படத்தில் எது இருக்கிறது என்பதை மனிதரின் துணிச்சல் மட்டும் தீர்மானிக்கவில்லை. ஈதர் ஆவியாகும் வேகமும் தீர்மானித்தது.

இடம் மாறிய உடல்

அசையாத பொருளைத்தான் எடுக்க முடியும் என்ற நிலையில், போர்க்களத்தில் அசையாமல் கிடப்பவை எவை? இறந்தவர்களின் உடல்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1862 செப்டம்பர் 17ஆம் தேதி ஆன்டீட்டத்தில் ஒரே நாளில் சுமார் 23,000 பேர் கொல்லப்பட்டார்கள், காயமடைந்தார்கள், அல்லது காணாமல் போனார்கள். புகைப்படக்காரர் அலெக்சாந்தர் கார்ட்னர் அங்கே போய், புதைக்கப்படுமுன் கிடந்த உடல்களைப் படம் எடுத்தார். அடுத்த மாதம் நியூயார்க்கில் மேத்யூ பிரேடியின் காட்சிக்கூடத்தில் அவை வைக்கப்பட்டபோது கூட்டம் அலைமோதியது. போரில் சாவு எப்படி இருக்கும் என்பதை, போருக்குப் போகாதவர்கள் கண்ணால் பார்த்த முதல் சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

அடுத்த ஆண்டு ஜூலையில் கெட்டிஸ்பர்க். பாறைகளுக்கு இடையே கல் அடுக்கிய மறைவிடம்; அதற்குள் இறந்து கிடக்கும் இளம் வீரன்; சுவரில் சாய்த்து வைத்த துப்பாக்கி. குறிபார்த்துச் சுடும் வீரன் தன் பதுங்குமிடத்திலேயே மாண்டான் என்ற குறிப்போடு இந்தப் படம் வெளியாகி, நூறு ஆண்டுகளுக்கும் மேல் நம்பப்பட்டது. வில்லியம் ஃபிராசானிட்டோ என்ற வரலாற்றாய்வாளர் கெட்டிஸ்பர்க் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவை எந்தப் பாறையருகே, எந்தத் திசை நோக்கி எடுக்கப்பட்டவை என்று களத்தில் நடந்தே கண்டுபிடித்தார். 1975இல் வந்த அவருடைய புத்தகம் உண்மையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அதே உடல், அதே உடை, வேறொரு சரிவில் வேறு படங்களிலும் இருக்கிறது. கார்ட்னரின் குழு அந்த உடலைப் போர்வையில் வைத்துச் சுமார் 40 கஜம் தூக்கிக்கொண்டு போய்க் கல்மறைவில் கிடத்தியிருக்கிறது. சாய்த்து வைத்த துப்பாக்கியும் குறிபார்த்துச் சுடுபவர் பயன்படுத்தும் வகை இல்லை.

இந்தியாவிலும் இப்படி ஒன்று நடந்தது. 1857 நவம்பரில் லக்னோ சிக்கந்தர் பாக் தோட்டத்தில் பிரிட்டிஷ் படை பெரும் படுகொலை செய்தது. புகைப்படக்காரர் ஃபெலிஸ் பியேட்டோ பல மாதம் கழித்து 1858இல்தான் அங்கே வந்தார். அவருடைய படத்தில் முற்றம் முழுக்க எலும்புகள் பரவிக் கிடக்கின்றன. படத்துக்காகவே அவற்றைத் தோண்டி எடுத்துப் பரப்பினார்கள் என்ற குறிப்பு அக்காலத்தவர் எழுத்திலேயே இருக்கிறது.

அந்த வீரன் செத்தது உண்மை. சிக்கந்தர் பாக்கில் கொலை நடந்தது உண்மை. ஆனால் படம் பேசும் வாக்குமூலத்தில் பொய் கலந்துவிட்டது. இறந்தவனுக்கு நேர்ந்தது என்னவோ அதைச் சொல்வதுதான் அவனுக்குச் செய்யும் மரியாதை. அழகான கதைக்காக அவனை இன்னோர் இடத்தில் கிடத்துவது அந்த மரியாதையைப் பறிப்பது. களத்தில் எதையும் தொடாதே, நகர்த்தாதே, மறுபடி செய்யச் சொல்லாதே என்று இன்றைய செய்தி நிறுவனங்கள் தங்கள் புகைப்படக்காரர்களுக்கு வைத்திருக்கும் விதி இப்படிப்பட்ட அனுபவங்களிலிருந்து முளைத்தது.

தொடுவானத்து மலைகள்

1925இல் ஜெர்மனியின் லைப்ஸிக் சந்தையில் லைக்கா கேமரா வெளிவந்தது. ஓஸ்கார் பார்னக் என்ற பொறியாளர் சினிமா ஃபிலிமைப் புகைப்படத்துக்குப் பயன்படுத்தும் வகையில் அதை வடிவமைத்திருந்தார். 24க்கு 36 மில்லிமீட்டர் அளவுள்ள சட்டகம், ஒரு சுருளில் 36 படம், ஒரு வினாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு வரை வேகமான ஷட்டர். கேமரா கோட்டுப் பைக்குள் அடங்கிவிட்டது. குதிரை வண்டி தேவையில்லை. புகைப்படக்காரர் ஓடுகிற மனிதனோடு சேர்ந்து ஓட முடிந்தது.

ஸ்பெயின் உள்நாட்டுப் போர் இந்தச் சிறிய கேமராவின் போர். புடாபெஸ்டில் பிறந்த ராபர்ட் காப்பா, ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த கெர்டா டாரோ, போலந்துக்காரரான ‘ஷிம்’ டேவிட் செய்மூர் மூவரும் அங்கே போனார்கள். டாரோ 1937 ஜூலையில் புருனேட்டே சண்டையில் பீரங்கி வண்டியில் அடிபட்டு மறுநாள் இறந்தார். 27 வயது நிறையச் சில நாட்களே இருந்தன. காப்பா 1954இல் இந்தோசீனாவில் கண்ணிவெடியை மிதித்து இறந்தார். ஷிம் 1956இல் சூயஸ் அருகே சுடப்பட்டார்.

காப்பாவின் புகழ்பெற்ற படம், குண்டு பட்டுக் கைகளை விரித்தபடி பின்னால் சாயும் குடியரசுப் படைவீரன். 1936 செப்டம்பரில் ஃபிரெஞ்சு இதழ் ஒன்றில் வெளியானது. செர்ரோ முரியானோ என்ற இடத்தில் எடுத்தது என்று பல ஆண்டுகள் எழுதிவந்தார்கள். ஹோசே மானுவேல் சுஸ்பெர்ரெகி என்ற ஸ்பானியப் பேராசிரியர் வீரனை விட்டுவிட்டு அவனுக்குப் பின்னால் மங்கலாகத் தெரியும் மலை வரிசையைப் பார்த்தார். அந்த விளிம்புக்கோடு செர்ரோ முரியானோவில் எங்குமே பொருந்தவில்லை. எஸ்பெஹோ என்ற ஊருக்கு அருகே நின்று பார்த்தால் பொருந்தியது; 2009இல் இதை அவர் வெளியிட்டார். எஸ்பெஹோவில் அந்த நாட்களில் சண்டை நடந்ததற்குச் சான்று இல்லை. வீரன் உண்மையில் சுடப்பட்டானா, ஒத்திகையில் விழுந்தானா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. விவாதத்தை முடிக்கக்கூடிய பொருள் ஒன்று உண்டு. அந்தப் படத்தின் நெகட்டிவும், சுருளில் அதற்கு முன்னும் பின்னும் இருந்த சட்டகங்களும்தான் அது. ஒன்றன்பின் ஒன்றாக வரும் சட்டகங்கள் நேரத்தின் வரிசையை நமக்குச் சொல்லும்.

2007இல் மெக்சிகோவிலிருந்து மூன்று அட்டைப்பெட்டிகள் நியூயார்க் சர்வதேசப் புகைப்பட மையத்துக்கு வந்து சேர்ந்தன. உள்ளே காப்பா, டாரோ, ஷிம் மூவரும் ஸ்பெயினில் எடுத்த சுமார் 4500 நெகட்டிவ்கள். நாஜிகளுக்குத் தப்பிப் பாரிஸிலிருந்து வெளியேறி, எங்கோ தொலைந்ததாக நினைத்தவை. சுருள் சுருளாகப் பார்த்ததில், காப்பாவின் பெயரில் வெளிவந்திருந்த சில படங்களை எடுத்தது டாரோ என்று தெரிந்தது. 70 ஆண்டுகளுக்குப் பிறகு, போரில் இறந்த அந்தப் பெண்ணுக்கு அவர் உழைப்பு திரும்பக் கிடைத்தது. விழும் வீரனின் நெகட்டிவ் மட்டும் அந்தப் பெட்டிகளிலும் இல்லை.

நெகட்டிவின் ஓரம்

1972 ஜூன் 8. தெற்கு வியட்நாமில் ட்ராங் பாங் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை. தெற்கு வியட்நாம் விமானம் தவறுதலாகத் தன் பக்கத்து மக்கள் மேலேயே நாபாம் குண்டை வீசியது. உடை எரிந்துபோன 9 வயதுச் சிறுமி கிம் ஃபுக் அலறிக்கொண்டு ஓடிவருகிறாள். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏபி செய்தி நிறுவனத்தின் நிக் உட் எடுத்ததாக அரை நூற்றாண்டாக உலகம் அறிந்திருந்தது.

2025 ஜனவரியில் வெளியான ஆவணப்படம் ஒன்று, எடுத்தவர் நிக் உட் அல்ல, பகுதிநேரமாகப் படம் விற்றுவந்த நுயென் தான் நே என்று வாதிட்டது. அதன் பின் நடந்த ஆய்வுகள் ஒரு துப்பறியும் கதைக்குச் சமம். அன்று அந்தச் சாலையில் மற்றவர்கள் எடுத்த படங்களையும் சினிமாச் சுருள்களையும் சேர்த்து வைத்து, யார் எந்த நேரத்தில் எத்தனை மீட்டர் தள்ளி நின்றார்கள் என்று கணக்கிட்டார்கள். நெகட்டிவின் ஓரத்தையும் பார்த்தார்கள். கேமராவுக்குள் ஃபிலிமுக்கு முன்னால் செவ்வகமான ஓர் உலோகச் சாளரம் இருக்கும். வெளிச்சம் அதன் வழியாகத்தான் விழும். அந்தச் சாளரத்தின் விளிம்பும் மூலைகளும் மாடலுக்கு மாடல் மாறும். அந்த வடிவம் ஒவ்வொரு நெகட்டிவின் ஓரத்திலும் பதிந்துவிடும். இதை ஆராய்ந்த ஏபி, நிக் உட் சொல்லிவந்ததுபோல அது லைக்காவில் எடுத்ததாக இருக்க வாய்ப்பு குறைவு, பென்டாக்ஸ் கேமராவாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று கண்டது. ஆனாலும் பெயரை மாற்றும் அளவுக்கு உறுதியான சான்று இல்லை என்று 2025 மே மாதம் முடிவு செய்தது. அதே மாதம் வேர்ல்டு பிரஸ் ஃபோட்டோ அமைப்பு, எடுத்தவர் பெயரை நிறுத்திவைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. சந்தேகம் எல்லாம் எடுத்தவர் பெயர் மேல்தான். அந்தச் சாலையில் அந்தச் சிறுமிக்கு நடந்ததை இரு தரப்பும் மறுக்கவில்லை. அன்று அங்கே ஒருவர் மட்டும் இல்லை, பலர் கேமராவோடு நின்றிருந்தார்கள். ஒருவர் படத்தை மற்றவர் படம் தாங்கிப் பிடிக்கிறது.

படத்தைத் திருத்தினாலும் அது தடம் விட்டுவிடும். 1945 மே 2ஆம் தேதி பெர்லினில் ரைஷ்டாக் கட்டடத்தின் மேல் சோவியத் கொடி ஏற்றும் படத்தை எடுத்த எவ்கேனி ஹல்தேய், ஒரு வீரனின் இரு கைகளிலும் கடிகாரம் இருந்ததால், கொள்ளையடித்தது என்று தெரிந்துவிடாதபடி ஒன்றை நெகட்டிவிலிருந்து சுரண்டி எடுத்தார். 2003இல் பத்திரிகைப் புகைப்படக்காரர் பிரையன் வால்ஸ்கி ஈராக்கின் பஸ்ராவில் எடுத்த இரண்டு படங்களைக் கணினியில் இணைத்து ஒன்றாக அனுப்பினார். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அதே ஆட்கள் படத்தில் இரண்டு முறை வருவதை ஒரு பத்திரிகை அலுவலகத்தில் கண்டுபிடித்தார்கள். மறுநாளே அவர் வேலை போயிற்று.

சென்சாரின் ரேகை

டிஜிட்டல் கேமரா வந்த பிறகு நெகட்டிவ் இல்லையே, எதை விசாரிப்பது என்று தோன்றலாம். விசாரிக்க இப்போது இன்னும் நிறைய இருக்கிறது.

கேமரா சென்சாரில் கோடிக்கணக்கான பிக்சல்கள் உண்டு. ஒவ்வொன்றும் சிலிக்கானில் செதுக்கிய சின்னஞ்சிறு குழி. விழும் வெளிச்சத்துக்குத் தக்கபடி எலெக்ட்ரான்களைச் சேகரிக்கும். எல்லாக் குழிகளையும் அச்சு அசலாக ஒரே மாதிரி செய்ய எந்தத் தொழிற்சாலையாலும் முடியாது. ஒரே வெளிச்சத்துக்குச் சில பிக்சல்கள் ஒரு துளி அதிகமாகவும் சில ஒரு துளி குறைவாகவும் பதில் சொல்லும். கண்ணுக்குத் தெரியாத இந்த ஏற்றத்தாழ்வு அந்த சென்சார் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் அதே விகிதத்தில் பதியும். ஒரே மாடல் கேமராக்கள் இரண்டுக்குக்கூட அது ஒத்துப்போகாது. அமெரிக்காவின் பிங்காம்டன் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ஃபிரிட்ரிச் குழுவினர் 2006இல் இதை வைத்து, ஒரு படம் எந்தக் கேமராவில் எடுக்கப்பட்டது என்று கண்டறியும் முறையை வெளியிட்டார்கள். படத்தின் ஒரு மூலையில் வேறு எங்கிருந்தோ வெட்டி ஒட்டியிருந்தால் அங்கே மட்டும் இந்த ரேகை மாறும், அல்லது காணாமல் போகும்.

பெரிய போட்டிகளில் இறுதிக்கு வரும் படங்களுக்கு, கேமரா பதிவு செய்த மூலக் கோப்பையும், முன்னும் பின்னும் எடுத்த சட்டகங்களையும் நடுவர்கள் கேட்டு வாங்குகிறார்கள். ஃபிலிம் சுருள் செய்த வேலையை இப்போது அவை செய்கின்றன. 2023 அக்டோபரில் வந்த லைக்கா எம்11-பி கேமரா, ஷட்டர் விழும்போதே படத்தில் மறைகுறியாக்க முத்திரை வைக்கிறது. படக் கோப்பு முழுவதையும் கணக்கில் எடுத்து ஒரு நீண்ட எண்ணைக் கேமரா உருவாக்கித் தன் ரகசியச் சாவியால் கையெழுத்திடுகிறது. பிறகு ஒரே ஒரு பிக்சலை மாற்றினாலும் அந்த எண் பொருந்தாது. முத்திரை உடைந்துவிட்டது என்று யாரும் சரிபார்க்கலாம். செயற்கை நுண்ணறிவு, நடக்காத போரையும் படமாகத் தீட்டித் தரும் காலத்தில் இந்த ஏற்பாடு ஊடகங்களுக்குப் பெரும் துணை. ஆனால் படம் மாறவில்லை என்பதைத்தான் முத்திரை சொல்லும். லென்ஸுக்கு முன்னால் இருந்தது ஜோடனையா, நிஜமா என்பதை அது சொல்லாது. அதற்கு மனிதர் வேண்டும்.

மாடிப்படிக்கு அடியில்

2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தபோது ஏபியின் எவ்கேனி மலோலெத்கா, எம்ஸ்தீஸ்லாவ் செர்னோவ், வசிலிசா ஸ்தெபனென்கோ மூவரும் மரியுபோல் நகரில் இருந்தார்கள். வெளியூர் செய்தியாளர்கள் எல்லோரும் போன பிறகும் தங்கினார்கள். நகரத்தில் மின்சாரம் போயிற்று, தண்ணீர் போயிற்று, தொலைபேசி அலை போயிற்று. கொள்ளைபோன ஒரு மளிகைக்கடைக்கு வெளியே மட்டும் அலை கொஞ்சம் கிடைத்தது. நாளுக்கு ஒருமுறை அங்கே போய், மாடிப்படிக்கு அடியில் குனிந்து உட்கார்ந்து படங்களை அனுப்பினார்கள் என்று செர்னோவ் பின்னர் எழுதினார்.

மார்ச் 9ஆம் தேதி மகப்பேறு மருத்துவமனை ஒன்றின் மேல் குண்டு விழுந்தது. இடிந்த கட்டடத்தின் முன்னால், வயிற்றைக் கையால் பிடித்தபடி படுக்கையில் கிடக்கும் நிறைமாதக் கர்ப்பிணியை ஐந்து பேர் தூக்கிக்கொண்டு போகும் காட்சியை மலோலெத்கா எடுத்தார். சீக்கிரம் அனுப்புவதற்காக வீடியோவை மூன்று துண்டாக்கி மூன்று கைபேசிகளில் ஏற்றினார்கள். பல மணி நேரம் ஆனது. ரஷ்யத் தரப்பு இதை நாடகம் என்றும் நடிகையை வைத்து எடுத்தது என்றும் சொன்னது. படம் எடுத்தவர்கள் மறுபடி போய்க் காயமடைந்தவர்களைத் தேடினார்கள். அந்தத் தாயும் குழந்தையும் பிழைக்கவில்லை என்று மருத்துவர்கள் மூலம் உறுதிசெய்தார்கள். பெயர், இடம், நேரம், தொடர்ச்சியான சட்டகங்கள், வீடியோ எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. மறுப்பு நிற்கவில்லை. அந்தப் படம் 2023இன் வேர்ல்டு பிரஸ் ஃபோட்டோ விருது பெற்றது.

இந்த வேலைக்குக் கொடுக்கும் விலை சின்னதல்ல. ரோஹிங்கியா மக்களின் துயரை எடுத்த ராய்ட்டர்ஸ் குழுவில் ஒருவராக 2018இல் புலிட்சர் பெற்ற டெல்லிக்காரர் டேனிஷ் சித்திகி, 2021 ஜூலை 16ஆம் தேதி ஆப்கானிஸ்தானின் ஸ்பின் போல்தாக்கில் கொல்லப்பட்டார். தூரத்திலிருந்து எடுக்கும் வசதி உள்ள லென்ஸ்கள் இன்று எத்தனையோ இருந்தும், அருகில் போய் நிற்கும் மனிதருக்கு மாற்று இல்லை.

யாரையும் விடாத இடம்

அப்படி நிற்க யாரையும் விடாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2009இல் இலங்கையின் வன்னிப் போரில் பார்த்தோம். சுதந்திரமான செய்தியாளர்களை இலங்கை அரசு போர்க்களத்துக்குள் அனுமதிக்கவில்லை. உள்ளே சிக்கியிருந்த தமிழர்கள்தான் குண்டுமழைக்கு நடுவே படம் எடுத்தார்கள். அவர்கள் அனுப்பியவற்றைப் பிரச்சாரம் என்று ஒதுக்குவது எளிதாக இருந்தது. வெளியுலகம் விண்ணிலிருந்து எடுத்த செயற்கைக்கோள் படங்களில் குண்டுக்குழிகளைத் தேடவேண்டியிருந்தது. 2011இல் ஐ.நா. நிபுணர் குழு அந்தப் படங்களையும் சான்றாக எடுத்துக்கொண்டது.

2009 ஆகஸ்டில் பிரிட்டனின் சேனல் 4 ஒரு கைபேசி வீடியோவை ஒளிபரப்பியது. கைகள் கட்டப்பட்டு, உடைகள் களையப்பட்ட ஆட்களைச் சீருடைக்காரர்கள் சுடும் காட்சி. போலி என்றது இலங்கை அரசு. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் மூன்று நிபுணர்களிடம் அதைக் கொடுத்தார். துப்பாக்கி நிபுணர், ஆயுதம் பின்னுக்கு உதைத்த விதத்தையும் குழல் முனையில் வெளிவந்த வாயுவையும் பார்த்து, அது வெற்றுத் தோட்டா இல்லை, உண்மையான தோட்டா சுடும்போது நிகழ்வதோடு ஒத்துப்போகிறது என்றார். தடயவியல் மருத்துவர், உடல்கள் சாய்ந்த விதமும் ரத்தமும் அவ்வாறே என்றார். வீடியோ நிபுணர், வெட்டி ஒட்டிய தடம் இல்லை என்றார். வீடியோ உண்மையானதாகவே தெரிகிறது என்று 2010 ஜனவரியில் ஆல்ஸ்டன் அறிவித்தார். கிரிமியக் கற்கள் சொன்ன அதே இயற்பியல்தான் இங்கேயும் பேசியது. ஆனால் அந்த மனிதர்கள் யார், எந்த நாளில், எந்த ஊரில், யார் உத்தரவில் என்ற கேள்விகளுக்கு அந்த வீடியோவால் மட்டும் பதில் சொல்ல முடியவில்லை. பெயர் கேட்டுக் குறித்துக்கொள்ளும் ஒரு பத்திரிகையாளர் அங்கே இருந்திருந்தால் நம் கையில் இன்று எவ்வளவு இருந்திருக்கும் என்று நினைக்கும்போது நெஞ்சு பதறுகிறது.

காசாவில் 2023 அக்டோபருக்குப் பிறகும் இதே கதைதான். வெளிநாட்டுச் செய்தியாளர்களைத் தனித்து உள்ளே போக இஸ்ரேல் விடவில்லை. பாலஸ்தீனப் புகைப்படக்காரர்களே, தங்கள் வீடும் உறவும் அழிவதற்கு நடுவில், அந்தச் சுமையைத் தாங்கினார்கள். 1992 முதல் கணக்கெடுத்துவரும் பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழு, இவ்வளவு பத்திரிகையாளர்களைப் பலிவாங்கிய போர் தன் பதிவில் வேறு இல்லை என்கிறது.

கேமரா பொய் சொல்லும், எந்தப் படத்தையும் நம்ப முடியாது என்று சொல்வது இப்போது புத்திசாலித்தனமாகக் கருதப்படுகிறது. அதை நான் ஏற்கவில்லை. எல்லாப் படத்தையும் சந்தேகி என்பதும் எல்லாப் படத்தையும் நம்பு என்பதும் ஒரே சோம்பலின் இரண்டு முகங்கள். இரண்டும் கொலை செய்தவனுக்கே வசதி. படத்தை விசாரிக்க வழிகள் இருக்கின்றன; வழி கண்டவர்கள் இருக்கிறார்கள். வாசகர்களாகிய நாம் குறைந்தது மூன்று கேள்வி கேட்கலாம்: எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, எடுத்தவர் யார்? இதற்குப் பதில் இல்லாத படத்தை அடுத்தவருக்கு அனுப்பாமல் இருக்கலாம். பதில் உள்ள படத்தை, பார்க்கச் சங்கடமாக இருக்கிறது என்பதற்காக நகர்த்திவிடாமல் இருக்கலாம். யாரையும் உள்ளே விடமாட்டோம் என்று ஓர் அரசு கதவைச் சாத்தும்போது, மறைக்க அங்கே என்ன இருக்கிறது என்று கேட்கலாம். உயிரைப் பணயம் வைத்து அங்கே போய் நிற்பவர் நம்மிடம் எதிர்பார்ப்பது கண்ணீரை அல்ல. தன் சாட்சியை நாம் ஒழுங்காக விசாரித்து, விசாரித்ததன் முடிவை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதைத்தான்.